எலுமிச்சம்பழக் கொள்கை

கார் வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்ற கேள்வி சுருளிக்கு வந்ததற்குக் காரணம் அவனுடைய பழைய வேன் செத்துப்போனது. மற்றபடி அவன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

உசிலம்பட்டியில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அங்கே பாடம் நடத்துகிற ஆறு பேர் மதுரையில் குடியிருக்கிறார்கள். காலையில் அவர்களைத் தல்லாகுளத்தில் ஏற்றி, சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடுவதுதான் சுருளியின் தொழில். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. கல்லூரியின் கடைசி வேலைநாளில் வேன் நடுரோட்டில் ஒரு சத்தம் போட்டது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிக் கையைத் துடைத்துக்கொண்டான். ஆறு பேரும் டவுன் பஸ்சில் நின்றுகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஆறு பேருக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் இயற்பியல் பேராசிரியர் கண்ணுச்சாமி. மறுநாள் அவர் போனில் கூப்பிட்டார்.

"சுருளி, லீவு முடிஞ்சு காலேஜ் தொறக்கிற அன்னைக்குப் புது வண்டி நிக்கணும். பேரையூர்க்காரன் ஒருத்தன் ஏழு சீட்டு வண்டி எடுத்துருக்கான். தினம் காலையில எனக்கு குட் மார்னிங் அனுப்புறான். பூவெல்லாம் போட்டு."

"நிக்கும் சார்."

"நின்னா நீ. நிக்கலேன்னா அவன். எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல, பாத்துக்க."

சுருளி முதலில் பேங்குக்குப் போனான். அங்கே கடன் கொடுக்கும் நாற்காலியில் இருந்தவர் அவனைப் பார்த்துச் சிரித்த முகமாக, சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. நிலம்? இல்லை. நகை? அது வேறொரு பேங்கில் இருக்கிறது.

"சொந்தமா ஏதாச்சும் இருந்தாத்தான் சொந்தமா ஏதாச்சும் வாங்க முடியும்" என்று அவர் விளக்கினார். "ஒண்ணுமே தேவைப்படாதவங்களுக்குத்தான் நாங்க நம்பிக் கொடுக்கிறது. அதுதான் பேங்கோட அடிப்படை."

வெளியே வந்தபோது பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய பலகை தெரிந்தது. வெள்ளைக் காரில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. மேலே 'நிம்மதி மொபிலிட்டி சொல்யூஷன்ஸ்' என்றும், கீழே 'ஏன் வாங்க வேண்டும்?' என்றும் எழுதியிருந்தது. பேங்கில் கேட்ட கேள்வியை விட இது மரியாதையாக இருந்ததால் சுருளி உள்ளே போனான்.

உள்ளே சித்தார்த் என்ற பையன் கைகொடுத்தான். கழுத்தில் நீல நாடா, நாடாவில் அட்டை, அட்டையில் அவன் படம். படத்தில் இருந்ததைவிட நேரில் இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

"சார், ஓனிங் இஸ் ஓவர். உலகம் மாறிருச்சு. இப்ப யாரும் எதையும் வாங்குறது இல்ல சார். இந்த பில்டிங் வாடகை. இந்த ஏசி வாடகை. நீங்க உக்காந்துருக்க சேர் வாடகை. ஏன், நானே இந்தக் கம்பெனி ஆள் கிடையாது. இன்னொரு கம்பெனியில இருந்து என்னை வாடகைக்கு எடுத்துருக்காங்க. அந்தக் கம்பெனியும் என்னை வேறொரு கம்பெனியில இருந்துதான் எடுத்துச்சு."

"அப்ப கம்பெனின்னு சொந்தமா இருக்கிறது எது தம்பி?"

சித்தார்த் கொஞ்சம் யோசித்தான். "லோகோ இருக்கு சார்."

சுருளிக்கு அந்த லோகோ பிடித்திருந்தது. ஒரு புறா, சீட் பெல்ட் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி முத்துமீனாவிடம் சொன்னான். அவர்கள் செல்லூரில் ஒரு சந்தில் இருந்தார்கள். அவள் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் துண்டு மடிக்கிறவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவாள். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். அது ஒரு தலையணை உயரம் இருந்தது.

"வாடகை சைக்கிள் எடுக்குற மாதிரிதான?"

"அதேதான். ஆனா பெருசு."

"சைக்கிள் கடையில இம்புட்டுப் பேப்பர் கேக்கலையே?"

"இது நிம்மதி, புள்ள. நிம்மதின்னா நெறையா எழுத வேண்டியிருக்கும்போல."

கையெழுத்துப் போட்டான். விரல் வலித்தது.

வண்டியை ஒப்படைக்கும் விழாவுக்கு முத்துமீனாவும் போனாள். ஏழு சீட்டுக் காரைச் சிவப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பலூன் கட்டியிருந்தார்கள். ஒரு கேக் இருந்தது. நேரம் பத்தரைக்கு மேல்தான் என்று சித்தார்த் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, அதற்கு முன்னால் ராகு காலம், மேனேஜ்மெண்ட் அதில் மிகவும் ஸ்ட்ரிக்ட் என்றான். கம்பெனி வாசலில் மீசை வைத்த திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. அதன் நாக்கில் கம்பெனி புறா வரையப்பட்டிருந்தது.

முதலில் திரையில் எம்.டி. தோன்றி, "நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, எங்கள் குடும்பம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சுருளி வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. இந்த வாகனம் என்னுடையது அல்ல. இதை என்னுடையதுபோல் பார்த்துக்கொள்வேன். என்னுடையது என்று ஒருபோதும் நினைக்க மாட்டேன். அங்கே நின்ற ஊழியர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். சுருளியின் கையில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்ததும் அட்டைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த குடும்பம் வரிசையில் நின்றது.

"கல்யாணத்துல கூட இம்புட்டு சத்தியம் வாங்கலையே" என்றாள் முத்துமீனா.

சுருளி காரின் படத்தைக் கண்ணுச்சாமிக்கு அனுப்பினான். அவர் உடனே கூப்பிட்டார்.

"நல்லாருக்கு. மஞ்சள் போர்டு பளிச்சுனு இருக்கு. பூசை போட்டாச்சா?"

"இனிமேத்தான் சார்."

"போட்டுரு. பூசை போடாத வண்டியில நாங்க ஏற மாட்டோம்."

"சார், நீங்க சயின்ஸ் சாருல்ல?"

"எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாதுப்பா. ஆனா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டியில ஏற மாட்டேன். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. அந்தப் பேரையூர்க்காரன் கெடாயே வெட்டிட்டானாம். படம் அனுப்பிருக்கான்."

சுருளி நல்ல பிள்ளையாகக் கம்பெனிக்கு போன் போட்டு, பூசை போடலாமா என்று கேட்டான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான். கேட்காமல் போட்டிருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்காது. கேட்டதால் அது ஒரு விண்ணப்பம் ஆகிவிட்டது.

விண்ணப்பம், சொத்துப் பாதுகாப்புப் பிரிவின் தலைவி ஆர்த்திகாவிடம் போனது. அவர் சுருளியை நேரில் வரச் சொன்னார். கண்ணாடி அறை. மேசையில் ஒன்றுமே இல்லை. அதிகாரம் எவ்வளவு பெரிது என்பதை அந்தக் கம்பெனியில் மேசையின் வெறுமையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"மிஸ்டர் சுருளி, பூஜைங்கிறது ஒரு ஓனர்ஷிப் ஆக்டிவிட்டி. நீங்க யூசர். யூசருக்கு வண்டி மேல பயம் இருக்கலாம், பக்தி இருக்கக் கூடாது."

"மேடம், ஒரு சூடம், நாலு எலுமிச்சம்பழம். அம்புட்டுத்தான்."

"எலுமிச்சம்பழம் ஒரு ஆசிட்."

"ஊறுகா போட்டுத் தொட்டுக்கவே செய்யிறோமே மேடம்."

"நீங்க டயர் இல்லையே?" என்று அவர் அன்பாகக் கேட்டார். "நாங்க மரபுகளை மதிக்கிற கம்பெனி. எங்க வாசல்ல பூசணிக்காய் பார்த்திருப்பீங்க. அது பில்டிங் பாலிசி. வண்டிக்கு இன்னும் பாலிசி இல்ல. கவலைப்படாதீங்க, உருவாக்கிடுவோம். உங்களை மாதிரி ஒருத்தர் பிரச்சனை பண்ணினாத்தான் எங்களுக்கும் வேலை செய்யறதுக்கு ஒரு வாய்ப்பு."

கம்பெனி முழுதும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. கூட்டம் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் எலுமிச்சம்பழக் கொள்கை வெளிவந்தது. ஆர்த்திகா அதைச் சுருளிக்குப் படித்துக் காட்டினார்.

அர்ச்சனை கம்பெனி பெயரில்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் உரிமையாளர் கம்பெனி. கம்பெனியைப் பதிவு செய்த நாளை வைத்து நட்சத்திரம் கணிக்கப்பட்டிருக்கிறது. குங்குமத்தை நேரடியாக வண்டியில் வைக்கக் கூடாது, உரித்தால் வந்துவிடுகிற பொட்டு ஸ்டிக்கரைக் கம்பெனியே தரும். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏறக் கூடாது. ஆனால் நிற்கிற வண்டியின் டயர் மீது எலுமிச்சம்பழத்தை மென்மையாக அழுத்தலாம். எல்லாவற்றையும் கம்பெனியின் ஆய்வாளர் ஒருவர் உடனிருந்து போனில் படம் பிடிப்பார். படம் அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும்.

"அருள் யாருக்கு மேடம் சேரும்?" என்று சுருளி கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"லீகல்ல அதையும் கேட்டுட்டோம். அருளோட உடைமை கம்பெனிக்கு. குத்தகைக் காலத்துல அதோட பயன்பாடு உங்களுக்கு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அருளையும் நல்ல நிலையில திருப்பிக் கொடுக்கணும்."

உசிலம்பட்டி போகிற சாலையில், கல்லூரிக்கு முன்னால் ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் அரிவாளும் வேலும் நட்ட ஒரு மேடை, ஒரு தகரக் கூரை, நிறைய மணி. கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் வெள்ளைத்துரை அங்கே பஸ்சில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, கம்பெனி கொடுத்த டை. இறங்கியதிலிருந்தே அவர் முகம் சரியில்லை.

"என்னண்ணே, ஒடம்புக்கு என்ன?" என்றான் சுருளி.

"மாப்ள, இது எங்க சாமி. எங்க பங்காளிக வகையறா அம்புட்டுப் பேருக்கும் இதுதான். மணிச் சத்தம் கேட்டா எனக்கு வந்துரும். அதுக்குத்தான் நான் இந்தப் பக்கம் டூட்டியே கேக்குறதில்ல. இன்னைக்கு ஆள் இல்லைன்னு தள்ளிவிட்டாக."

"ஆபீசுல சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். சாமி வர்றதுக்குத் தனியா லீவு கெடையாதாம். சிக் லீவுல எழுதச் சொன்னாக. டாக்டர் சீட்டு கேட்டாக."

பூசாரி சோலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"யாரு பேருக்கு?"

வெள்ளைத்துரை ஆய்வுப் படிவம் செருகிய அட்டையைப் பார்த்துப் படித்தார். "நிம்மதி மொபிலிட்டி சொல்யூஷன்ஸ் பிரைவேட் லிமிடெட்."

"நட்சத்திரம்?"

"கேட்டை. விருச்சிக ராசி."

"சரி. கொலசாமி?"

அது கொள்கையில் இல்லை. வெள்ளைத்துரை தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வீணை வாசிக்கப் போய்விட்டாள். வெயில் ஏறியது. கடைசியில் யாரோ பேசினார்கள்.

"கம்பெனிக்கு முதல் போட்டது யாருன்னு கேட்டதுக்கு, சிங்கப்பூர்ல ஒரு ஃபண்டுன்னு சொல்றாக" என்றார் வெள்ளைத்துரை.

"அப்ப வண்டியச் சிங்கப்பூருக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார் சோலை. "எல்லை தாண்டுன சாமிக்கு நான் சூடம் காட்ட முடியாது."

சுருளி அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். சோலை முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்தார். வெள்ளைத்துரை போனை ஒரு வேலில் சாய்த்து வைத்துப் படம்பிடிக்க விட்டார். சுருளி எலுமிச்சம்பழங்களை டயருக்கு முன்னால் வைத்தான். சூடம் எரிந்தது. சோலை மணியை அடித்தார்.

வெள்ளைத்துரை அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எலுமிச்சம்பழம், நிலை, நன்று" என்று அவர் எழுதுவது தெரிந்தது. அடுத்த வரியில் பேனா ஆடியது. அடுத்ததில் பேனா பறந்தது.

"டேய்ய்!"

டை தோளுக்குப் பின்னால் போனது. அடையாள அட்டை நாடாவோடு சுழன்றது. பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

"எவண்டா இங்க ஓனரு?"

சுருளி கைகளைக் கட்டிக்கொண்டான். உறுதிமொழி அவனுக்கு மனப்பாடம். "நான் இல்ல சாமி. நான் யூசர்."

"என் எல்லையில வந்து நின்னுக்கிட்டு எவன் பேரையோ சொல்றியா? இது என் வண்டிடா! ஏத்துடா பழத்து மேல!"

"கொள்கையில எடமில்ல சாமி."

"ஏத்துடான்னா!"

கூட்டம் சாமியின் பக்கம் இருந்தது. சுருளி ஏற்றினான். நான்கு பழமும் நசுங்கின. சாமி மலையேறியது. வெள்ளைத்துரை தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் முதலில் அவர் தேடியது பேனாவை.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"படம்?"

இருவரும் வேலில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தார்கள். அது எல்லாவற்றையும் அனுப்பி முடித்து, பச்சை நிறத்தில் ஒரு டிக் காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது செக்கானூரணி தாண்டி வண்டி தானாக நின்றது. பெட்ரோல் இருந்தது. சாவி திரும்பியது. காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், 'உங்கள் வாகனம் நிம்மதி நிலையில் வைக்கப்பட்டுள்ளது' என்றது.

சுருளி மறுநாள் ஆர்த்திகாவின் எதிரில் உட்கார்ந்திருந்தான். வண்டி ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றது.

"மேடம், பழத்து மேல ஏத்துனது தப்புத்தான்."

"பழம் சின்ன விஷயம் மிஸ்டர் சுருளி. அதை மன்னிச்சிடலாம். பிரச்சனை டைட்டில், அதாவது வண்டி யாருக்குச் சொந்தம்ங்கிறது. மூன்றாம் நபர் யாராவது வண்டிக்கு உரிமை கோரினா, தீர்வு வரைக்கும் குத்தகை நிறுத்தி வைக்கப்படும். நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கு. வீடியோவுல ஒருத்தர் தெளிவா 'இது என் வண்டி'ன்னு சொல்றார்."

"அது சாமி மேடம்."

"அவர் யாருங்கிறதுல நாங்க பாகுபாடு பாக்குறது இல்ல."

"சொன்னது உங்க ஆளு வாயில மேடம்."

"அதுதான் ரொம்ப சீரியஸ்" என்று ஆர்த்திகா குரலைத் தாழ்த்தினார். "டியூட்டி நேரத்துல வந்திருக்கு. டியூட்டி நேரத்துல எங்க ஊழியர் சொன்னா, அது கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு லீகல் பயப்படுறாங்க. லஞ்ச் பிரேக்ல வந்திருந்தா பிரச்சனையே இல்ல."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அவர்கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. வாய்மொழியா இருந்தாலும் பரவாயில்ல. வீடியோவுல பதிவாகணும். நாங்க ரொம்ப நெகிழ்வான கம்பெனி."

சுருளி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். கண்ணுச்சாமி கூப்பிட்டார். நீ அனுப்பிய பூசைப் படம் பார்த்தோம், அருமை என்றார். பேரையூர்க்காரன் நாளை ஒரு தடவை சும்மா ஓட்டிக் காட்டுகிறானாம், வண்டியில் ஏசி எல்லா சீட்டுக்கும் வருகிறதாம் என்றும் சொன்னார். கல்லூரி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. அந்த ஆறு பேரும் போய்விட்டால் பிறகு சுருளி செல்லூர் சந்தில் உட்கார்ந்து முத்துமீனா துண்டு மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரவுச் சோற்றின்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"சாமிகிட்டத்தான கேக்கச் சொல்றாக? போய்க் கேப்போம். இவுககிட்டக் கேக்குறதுக்கு அது லேசு."

"வெள்ளைத்துரை அண்ணே வரணும். அவருக்கு வரணும்."

"வரும். வாராத சாமியா அது?"

கல்லூரி திறப்பதற்கு முன் வந்த செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் கம்பெனி கூடாரமே போட்டுவிட்டது. ஆர்த்திகா வந்திருந்தார், கூலிங் கிளாஸோடு. சித்தார்த் மூங்கிலில் ஒரு கேமராவைக் கட்டியிருந்தான். அது நேரடியாகத் தலைமை அலுவலகத்தோடு இணைந்திருந்தது. வெள்ளைத்துரைக்கு அன்றைக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள், இந்த முறை எது வந்தாலும் அது அவர் சொந்த நேரத்தில் வர வேண்டும் என்பதற்காக. அவர் டை இல்லாமல் வேட்டியில் நின்றார். ஆனால் அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தார். ஆர்த்திகா அதைக் கழற்றச் சொல்லி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சோலை மணியை அடித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வெள்ளைத்துரை சும்மா நின்றார்.

"என்னண்ணே?" என்றான் சுருளி பதறிப்போய்.

"வர மாட்டேங்குது மாப்ள. இம்புட்டுப் பேரு உத்துப் பாத்தா எப்புடி வரும்?"

"சார், டார்கெட் மாதிரி நெனைச்சுக்காதீங்க சார்" என்று சித்தார்த் ஊக்கம் கொடுத்தான். "ரிலாக்ஸா ட்ரை பண்ணுங்க."

சோலை அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லா மணிகளையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தார். வந்துவிட்டது.

ஆர்த்திகா ஒரு தாளை எடுத்தார். "வணக்கம். முதல்ல, நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. இந்த உரையாடல் தரத்துக்காகவும் பயிற்சிக்காகவும் பதிவு செய்யப்படுது. ஆம், இல்லைன்னு மட்டும் பதில் சொன்னாப் போதும். கீழ்க்கண்ட சேசிஸ் எண் கொண்ட வாகனத்துக்கு..."

"என்னடி நம்பரச் சொல்ற?"

"ஆம் அல்லது இல்லை, சார்."

"யாருடி சாரு?"

"இவுக கேட்டா விடியாது" என்று முத்துமீனா முன்னால் வந்தாள். தறிக்கூடத்துக் குரல் கோயில் கூரையில் இடித்தது. "சாமி! நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு எங்க வண்டிய உன்னுதுன்னு சொன்னியே. அது ஒண்ணு மட்டுந்தான் உன்னுதா? இவுக கொட்டாயில வெள்ளை வெள்ளையா வரிசையா நிக்கிதே, அதெல்லாம் யாருது?"

"நோ, நோ, அது கேள்விப் பட்டியல்ல இல்ல" என்றார் ஆர்த்திகா.

சாமி சிரித்தது. அந்தச் சிரிப்பில் பொங்கல் பானைப் பக்கம் நின்ற ஒரு கைக்குழந்தை அழுதது.

"ஒண்ணா? என் ரோட்டுல ஓடுறது அம்புட்டும் என்னுதுடி! இவன் கொட்டாயில நிக்கிறது அம்புட்டும் என்னுது! மேக்க தேனி, கெழக்க மேலூரு, தெக்க திருமங்கலம், எவன் எவன் உருட்டுறானோ அம்புட்டும் என்னுது! இவ மொதலாளி உக்காந்து போறானே கருப்பு வண்டி, அதுவும் என்னுதுதான்!"

"சித்தார்த், கேமராவை ஆஃப் பண்ணு!"

"மேடம், அதை ஆஃப் பண்ண எனக்கு அனுமதி இல்ல மேடம். அந்த மெஷின் வேற கம்பெனியோடது."

கம்பெனியின் கணினி மிக நேர்மையானது. மனிதர்களைப்போல் அது ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் படித்ததில்லை. கேமரா வழியே வந்த பேச்சைக் கேட்டு, உரிமை கோரப்பட்ட வாகனங்கள் எவை என்று அது கணக்கெடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கியது. மாட்டுத்தாவணியில் கல்யாண வீட்டுக்குப் போன ஒரு வண்டி மாப்பிள்ளையோடு நின்றது. திருமங்கலத்தில் ஒன்று ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றது, நல்லவேளை, தண்டவாளத்தின் மேல் அல்ல. கம்பெனியின் பெரிய மேனேஜர் ஒருவர் மேம்பாலத்தின் உச்சியில் ஏசியில்லாமல் அடைபட்டுக் கிடந்தார். எல்லா வண்டிகளுக்குள்ளும் அந்தப் பெண் குரல் ஒரே நேரத்தில் நிம்மதி நிலையை அறிவித்தது. எம்.டி.யின் கருப்புக் கார் விமான நிலைய வளைவில் நின்றதாகவும், அவர் தம் குடும்பத்தைப் பற்றி முதல்முறையாகத் தமிழில் சில வார்த்தைகள் பேசியதாகவும் சித்தார்த்துக்குச் செய்தி வந்தது.

ஆர்த்திகாவின் போன் ஓயவில்லை. அவர் வேல்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசினார்.

"இல்ல சார், அவர் ஊழியர் இல்ல, லீவுல இருக்கார்... ஆமா சார், நான்தான் கொடுத்தேன்... சார், அந்தம்மா கேட்டது... பேச்சுவார்த்தைக்கு வாய்ப்பு இருக்கான்னு கேக்குறேன் சார்..." அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு சோலையைப் பார்த்தார். "இவர்கிட்டப் பேசலாமா?"

"மலையேறிருச்சே" என்றார் சோலை, வெள்ளைத்துரையின் தலையில் தண்ணீர் தெளித்தபடி.

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது. அதை எழுதியவருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கம்பெனி வெளியிட்டதிலேயே அது ஒன்றுதான் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. தெய்வங்கள், ஆவிகள், முன்னோர்கள் ஆகியோர் எந்த வாகனத்தின் மீதும் முன்பு கோரிய, இனிக் கோரும் எந்த உரிமையும் செல்லாது. கணினி அதையும் நேர்மையாகப் படித்தது. மேம்பாலத்தில் நின்றது கிளம்பியது. மாப்பிள்ளை கிளம்பினார். பஞ்சர் கடை வாசலில் நின்ற சுருளியின் வண்டியும் உறுமியது.

"மேடம், எனக்குச் சான்று?" என்று சுருளி போனில் கேட்டான்.

"உங்களுக்கு எந்தச் சான்றும் வேண்டாம்" என்றார் ஆர்த்திகா. அவர் குரல் சளிப்பிடித்ததுபோல் இருந்தது. "தயவு செஞ்சு இனிமே எதுக்கும் அனுமதி மட்டும் கேக்காதீங்க."

கல்லூரி திறந்த அன்று காலையில் தல்லாகுளத்தில் வண்டி நின்றது. சற்றுத் தள்ளிப் பேரையூர்க்காரனும் வந்து நின்று, ஏசியைப் போட்டுக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தான். கண்ணுச்சாமி இரண்டு வண்டிகளையும் சுற்றி வந்தார். சுருளியின் டயரில் குனிந்து, காய்ந்துபோன ஓர் எலுமிச்சை விதையைச் சுண்டிவிட்டு நிமிர்ந்தார். ஆறு பேரும் ஏறினார்கள்.

"கேள்விப்பட்டேன் சுருளி. சாமியே வந்து கேட்ட வண்டியாமே."

"ஆமா சார்."

"அந்தப் பயலுக்குக் கெடா வெட்டியும் சாமி வரல பாரு" என்றார் கண்ணுச்சாமி. "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஒரு தரம்னு ஒண்ணு இருக்குல்ல. ஆமா, கடைசியில நீ வாங்கிட்டயா, லீசா?"

"லீசுதான் சார்."

"வாங்கியிருக்கலாமே?"

"பேங்குல சாமி வந்தா இன்னும் சிக்கலு சார்."

கருப்பசாமி கோயில் தூரத்தில் தெரிந்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றது. ஆறு பேரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள்.

"நிப்பாட்டு சுருளி, எறங்கி ஒரு கும்புடு போட்டுருவோம்" என்றார் கண்ணுச்சாமி.

"இங்கன இருந்தே போட்டுக்கங்க சார்."

"ஏம்ப்பா?"

சோலை அப்போது யாரோ ஒரு புது டிராக்டருக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் மூடிய கண்ணாடிக்குள்ளும் கேட்டது. பின் சீட்டில் தமிழ்த்துறை அம்மாவுக்குத் தலை லேசாகச் சுற்றத் தொடங்கியது. உதடு துடித்தது. அவர் மெதுவாக, "டேய்..." என்றார்.

சுருளி ஆக்சிலரேட்டரை மிதித்தான்.